ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? முதலில் கஷ்டமான திரையைக் காட்டுங்கள்

மொபைல் செயலி எழுதப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "ஃப்ளட்டர் படிக்கட்டுமா, ரியாக்ட் நேட்டிவ் படிக்கட்டுமா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "உங்கள் செயலியில் எந்தத் திரை செய்யக் கஷ்டம்?" பலர் அதுவரை அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். அதை யோசிக்காமல் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற ஒரு ஃபிரேம்வொர்க்கை (செயலி கட்ட உதவும் கருவித்தொகுப்பை) முடிவு செய்வது, அளவெடுக்காமல் துணியை வெட்டுகிற வேலை.

அடிப்படையை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். ஐபோனுக்கு நேரடியாக எழுத வேண்டுமானால் ஸ்விஃப்ட் மொழி, ஆண்ட்ராய்டுக்கு கோட்லின்; இப்படி எழுதுவதை நேட்டிவ் என்பார்கள். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதினால் ஒரே பிழையை இரண்டு தடவை திருத்த வேண்டும், ஒரே வசதியை இரண்டு தடவை சேர்க்க வேண்டும். ஒரே கோடை (நிரலை) வைத்து இரண்டு போன்களிலும் ஓடவைப்பதுதான் கிராஸ் பிளாட்ஃபார்ம். "ஒரு தடவை எழுது, எங்கும் ஓட்டு" என்று விளம்பரத்தில் போடுவார்கள். பெரும்பகுதி ஓடத்தான் செய்கிறது. மீதிப் பகுதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: செயலி உண்மையிலேயே வேண்டுமா?

தகவலைக் காட்டுவது, படிவம் நிரப்புவது, அவ்வப்போது ஒரு அறிவிப்பு அனுப்புவது, இவ்வளவுதான் வேலை என்றால் நல்ல மொபைல் வலைத்தளமே போதும். முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட வலைச்செயலிக்கு ஐபோனிலும் புஷ் அறிவிப்பு அனுப்பலாம். 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 முதல் அந்த வசதி இருக்கிறது. ஸ்டோர் அனுமதி வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். வலைத்தளத்தை அப்படியே ஒரு உறைக்குள் போட்டு ஐபோன் செயலி என்று அனுப்பலாம் என நினைத்தால், ஆப்பிளின் விதிகளில் 4.2 என்ற பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். செயலி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்று அந்தப் பிரிவின் கீழ் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செயலிதான் வேண்டும் என்று முடிவானால் மேலே போவோம்.

இரண்டாம் படி: கஷ்டத்தைத் தாளில் எழுதுங்கள்

உங்கள் செயலியின் எல்லாத் திரைகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். உள்நுழைவு, பட்டியல், விவரப் பக்கம், படிவம், அமைப்புகள். இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிடலாம். எந்த ஃபிரேம்வொர்க்கிலும் இவை வந்துவிடும்; யூடியூபில் காட்டும் மாதிரிச் செயலிகள் எல்லாம் இந்தத் திரைகள்தான். அதனால்தான் எந்த வீடியோவைப் பார்த்தாலும் அந்த ஃபிரேம்வொர்க்தான் உலகிலேயே எளிது என்று தோன்றுகிறது.

டிக் போட முடியாமல் பேனா நிற்கும் இடங்கள்தான் நமக்கு வேண்டும். வழக்கமாக நிற்கும் இடங்கள் இவை: கேமராவில் நேரடியாகப் பார்கோடு படிப்பது, புளூடூத் கருவியோடு பேசுவது, திரை அணைந்திருக்கும்போதும் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டே இருப்பது, நெட் இல்லாதபோது எழுதியதைப் பிறகு சர்வரோடு ஒத்திசைப்பது, வரைபடத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள், விரலால் வரைவது, பின்னணியில் பாட்டு.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் கஷ்டம் இரண்டு வகை என்று தெரியும். ஒன்று திரையைச் சேர்ந்தது: அசைவு, வரைதல், நீளமான பட்டியல். மற்றது போனைச் சேர்ந்தது: கேமரா, புளூடூத், பின்னணி வேலை. முதல் வகைக்கு ஃபிரேம்வொர்க் நேரடியாகப் பொறுப்பு. இரண்டாம் வகையில் ஃபிரேம்வொர்க் வெறும் தூதர்தான். முடிவெடுப்பது போனின் இயங்குதளம். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-லிருந்து போன் அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும் டோஸ் முறை இருக்கிறது. ஐஓஎஸ் அதைவிடக் கண்டிப்பு. "ஃப்ளட்டரில் பின்னணி வேலை சரியாக ஓடவில்லை, ரியாக்ட் நேட்டிவுக்கு மாறலாமா?" என்று கேட்டால், மாறினாலும் அதே சுவரில்தான் முட்டுவீர்கள்.

இன்னொன்று: எழுதப் போவது விளையாட்டு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. யூனிட்டி, கோடோ பக்கம் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: திரையை யார் வரைகிறார்கள் என்று பாருங்கள்

எல்லா ஃபிரேம்வொர்க்குகளுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் மொழி என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையில் தெரியும் ஒரு பட்டனை யார் வரைகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அமைப்புகள் பக்கத்தில் இருக்கும் ஒரு சாதாரண ஆன்-ஆஃப் ஸ்விட்சை எடுத்துக்கொள்வோம்.

கெபாசிட்டர் என்ற ஃபிரேம்வொர்க்கில் அந்த ஸ்விட்ச் ஒரு எச்டிஎம்எல் துண்டு. செயலிக்குள் முகவரிப் பட்டை இல்லாத ஒரு பிரௌசர் ஓடுகிறது, அதற்குள் உங்கள் வலைப்பக்கம். ஸ்விட்ச் ஐபோன் ஸ்விட்ச் மாதிரி தெரிந்தால் அது சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) செய்த ஒப்பனை. அயோனிக் என்ற தொகுப்பு அந்த ஒப்பனையைத் தயாராக வைத்திருக்கிறது. 2009-இல் வந்த போன்கேப் தொடங்கிவைத்த வழி இது. கார்டோவா அதன் வாரிசு, கெபாசிட்டர் இன்றைய வடிவம்.

ரியாக்ட் நேட்டிவில் நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் "இங்கே ஒரு ஸ்விட்ச்" என்று எழுதுகிறீர்கள்; திரையில் வருவது ஐபோனில் ஆப்பிளின் அசல் ஸ்விட்ச், ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டின் அசல் ஸ்விட்ச். 2015-இல் ஃபேஸ்புக் வெளியிட்டபோது ஜாவாஸ்கிரிப்டுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு பாலம் இருந்தது. எல்லாச் செய்தியும் ஜேசான் என்ற உரை வடிவமாக மாறி, வரிசையில் நின்று அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். வேகமாக ஸ்க்ரோல் செய்தால் வெள்ளைத் திரை தெரிவது என்று பழைய ஆட்கள் சொல்லும் குறைகளில் பல அந்தக் காலத்தவை. இப்போது ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாகவே போனின் பகுதிகளைக் கூப்பிடும் புதிய கட்டமைப்பு வந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பு முதல் புதிய புராஜெக்டுகளில் அதுதான் இயல்பு. அதனால் ரியாக்ட் நேட்டிவ் வேகம் பற்றி எதைப் படித்தாலும் எழுதிய தேதியைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் மௌயியும் இதே குடும்பம். மொழி மட்டும் சி ஷார்ப்.

ஃப்ளட்டர் வேறு மாதிரி. அது போனிடம் ஸ்விட்ச் கேட்பதே இல்லை. "எனக்கு ஒரு வெற்றுத் திரையைக் கொடு, நானே வரைந்துகொள்கிறேன்" என்று ஒவ்வொரு புள்ளியையும் தானே தீட்டுகிறது. அதனால் எந்தப் போனிலும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசமான வடிவமைப்பு, வழவழப்பான அசைவு வேண்டும் என்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஐபோன் ஸ்விட்ச் மாதிரி தெரிவது, ஃப்ளட்டர் குழு பார்த்துப் பார்த்து வரைந்த நகல். 2025-இல் ஐஓஎஸ் 26-இல் ஆப்பிள் கண்ணாடி போன்ற புதிய தோற்றத்தைக் கொண்டுவந்தபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அசல் பொருள்களைப் பயன்படுத்தும் செயலிகளைப் ஆப்பிளின் செயலி தயாரிக்கும் மென்பொருளான எக்ஸ்கோடின் புதிய பதிப்பில் மறுபடி பில்ட் செய்தால் (கோடைச் செயலியாக மாற்றினால்) புதுத் தோற்றத்தில் ஒரு பகுதி தானாகவே வந்தது. தானே வரைந்துகொள்ளும் செயலிகளில் அப்படித் தானாக வர வழியில்லை, யாராவது வரைந்து கொடுக்க வேண்டும். உங்கள் செயலி போனோடு சேர்ந்து உருமாற வேண்டுமா, எப்போதும் தன் முகத்தோடு இருக்க வேண்டுமா? இதற்கு நீங்கள் சொல்லும் பதிலே பாதி முடிவு.

நான்காவதாக ஒன்று: கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். இதில் கணக்கு, தரவு, நெட்வொர்க் போன்ற உள்வேலையை மட்டும் பொதுவாக எழுதிவிட்டு, திரைகளை இரண்டு பக்கமும் தனித்தனியாக நேட்டிவாக எழுதலாம். கோட்லினை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ் இதை 2023 நவம்பரில் நிலையானது என்று அறிவித்தது. திரைகளையும் பொதுவாக எழுத கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் இருக்கிறது. ஐஓஎஸ்ஸுக்கு அது நிலையானது 2025 மே மாதம். ஏற்கெனவே ஆண்ட்ராய்டு செயலி வைத்திருக்கும் குழுவுக்கு அருமையான வழி. முதல் செயலி எழுதுகிறவருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏதாவது சிக்கினால் இரண்டு உலகமும் தெரிந்திருக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: கையில் என்ன இருக்கிறது?

இதில் நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. ரியாக்டில் வலைத்தளம் எழுதியிருக்கிறீர்களா, ரியாக்ட் நேட்டிவை எடுங்கள், அதற்கான எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்போடு சேர்த்து. கையில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வலைச்செயலி இருக்கிறதா, கெபாசிட்டர். அலுவலகம் முழுக்க சி ஷார்ப் ஆட்களா, மௌயி. ஒன்றும் தெரியாது, இப்போதுதான் ஆரம்பம் என்றால் ஃப்ளட்டரை நான் கொஞ்சம் முன்னால் வைப்பேன். காரணம் வேகம் இல்லை. ஃப்ளட்டரில் பட்டன் முதல் பக்கம் மாற்றுவது வரை பெரும்பாலானவை ஒரே பெட்டிக்குள் வருகின்றன. "எந்த லைப்ரரியைச் சேர்ப்பது" என்று முதல் வாரத்திலேயே குழம்ப வேண்டியதில்லை. 'ஃப்ளட்டர் டாக்டர்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் உங்கள் கணினியில் என்ன குறை என்று வரிசையாகச் சொல்லிவிடும். டார்ட் மொழியும் ஜாவாவோ ஜாவாஸ்கிரிப்டோ கொஞ்சம் பார்த்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

எதிர்வாதமும் இருக்கிறது. டார்ட்டை ஃப்ளட்டருக்கு வெளியே அதிகம் பார்க்க முடியாது; ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் வலைத்தளத்துக்கும் சர்வருக்கும் உதவும். வேலை தேடும் எண்ணத்தில் படிக்கிறீர்கள் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பிளகினை முகர்ந்து பாருங்கள்

இரண்டாம் படியில் பேனா நின்ற இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளகின் தேடுங்கள். பிளகின் என்பது உங்கள் பொதுக் கோடுக்கும் போனின் கேமரா, புளூடூத் போன்றவற்றுக்கும் நடுவில் யாரோ எழுதிவைத்த இணைப்புத் துண்டு. தேடும் இடங்கள்: ஃப்ளட்டருக்கு பப்.டெவ், ரியாக்ட் நேட்டிவுக்கு என்பிஎம், கூடவே ரியாக்ட் நேட்டிவ் டைரக்டரி.

இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இதில் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். புளூடூத் பிரிண்டரில் ரசீது அடிக்கும் ஒரு செயலி. தேடியதும் பிளகின் கிடைத்தது, பத்து நிமிடத்தில் காகிதம் வெளியே வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். பிளகினின் கடைசி வெளியீடு எப்போது என்று பார்க்கவே இல்லை. ஆண்ட்ராய்டு 12 புளூடூத்துக்குத் தனி அனுமதிகளைக் கொண்டுவந்திருந்தது: கருவியைத் தேட ஒன்று, இணைக்க ஒன்று. 2022-இல் பிளே ஸ்டோர் விதிப்படி அந்தப் பதிப்பைக் குறிவைத்து பில்ட் செய்தே ஆக வேண்டும் என்று வந்தது. மாற்றினோம். பிரிண்ட் பட்டனைத் தொட்டதும் செயலி விழுந்தது. பிளகினுக்கு அந்தப் புதிய அனுமதிகள் என்றால் என்னவென்றே தெரியாது. அதை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பிரச்சினைப் பக்கத்தில் என்னைப் போலவே கதறியவர்களின் வரிசை. கடைசியில் பிளகினைப் பிரதியெடுத்து, உள்ளே போய் கோட்லின் கோடை நாங்களே திருத்தினோம். திருத்தியது சில வரிகள்தான், அந்த வரிகள் எங்கே என்று கண்டுபிடிக்க நான்கு நாள்.

அதிலிருந்து பார்ப்பது இவை. கடைசி வெளியீடு ஒரு வருடத்துக்குள் இருக்கிறதா? பிரச்சினைப் பக்கத்தில் கேட்டவர்களுக்குப் பதில் வருகிறதா? ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டையும் சொல்லியிருக்கிறார்களா, இல்லை ஒன்றில் மட்டும் ஓடுகிறதா? தனி ஒருவரா, ஒரு குழுவோ நிறுவனமோ பின்னால் இருக்கிறதா? ரியாக்ட் நேட்டிவ் என்றால் புதிய கட்டமைப்பில் ஓடுமா என்று டைரக்டரியில் குறிப்பு இருக்கும். கிட்ஹப்பில் பிளகினுக்கு விழுந்திருக்கும் நட்சத்திர எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் முன்பு வாங்கிய நட்சத்திரம் இன்றைக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

தேவையான பிளகின் ஒரு ஃபிரேம்வொர்க்கில் உயிரோடு இருந்து, மற்றதில் இல்லையென்றால் முடிவு அங்கேயே வந்துவிட்டது. எதிலுமே இல்லையென்றால் அந்தத் துண்டை நீங்களே ஸ்விஃப்டிலும் கோட்லினிலும் எழுத வேண்டும். இரண்டுக்கு மேல் அப்படி இருந்தால் கிராஸ் பிளாட்ஃபார்ம் எண்ணத்தையே மறுபடி யோசியுங்கள்.

ஆறாம் படி: கணினியும் ஸ்டோர் கணக்கும்

ஆண்ட்ராய்டுக்கு விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் பில்ட் செய்யலாம். ஐபோனுக்கு எக்ஸ்கோடு வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும். எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை. மேக் இல்லாதவர்களுக்கு இணையத்தில் வாடகை மேக்கில் பில்ட் செய்து தரும் சேவைகள் உண்டு: எக்ஸ்போவின் ஈஏஎஸ் பில்ட், ஃப்ளட்டர் ஆட்கள் அதிகம் பயன்படுத்தும் கோட்மேஜிக். செயலியை ஸ்டோருக்கு அனுப்ப இவை போதும். ஐபோனில் மட்டும் வரும் ஒரு பிழையைத் துரத்த வேண்டி வந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்ட் வரும்வரை காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். எக்ஸ்போவில் ஒரு சலுகை: எக்ஸ்போ கோ செயலியை ஐபோனில் போட்டு, க்யூஆர் கோடைக் காட்டினால் உங்கள் செயலி மேக் இல்லாமலே போனில் ஓடும். அதில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் நேட்டிவ் பகுதிகளுக்கு மட்டும்தான் இது. வெளியே இருந்து நேட்டிவ் பிளகின் சேர்த்ததும் தனி பில்ட் தேவைப்படும்.

கூகுள் பிளே கணக்குக்கு ஒரே ஒருமுறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஒவ்வொரு வருடமும் 99 டாலர். பணத்தைவிடப் பலரை மாட்டிவிடுவது வேறொன்று: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் பிளே கணக்கு என்றால், செயலியைப் பொதுவெளியில் விடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். "அடுத்த வாரம் வெளியிடுகிறோம்" என்று யாருக்காவது வாக்குக் கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: இரண்டு நாள், ஒரே ஒரு திரை

இதுவரை செய்ததெல்லாம் தாள் வேலை. இப்போது பட்டியலில் இரண்டு ஃபிரேம்வொர்க் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். உள்நுழைவுப் பக்கம் வேண்டாம், அழகான முகப்பு வேண்டாம். இரண்டாம் படியில் பேனா நின்ற திரையை மட்டும் எழுதுங்கள். அசிங்கமாக இருக்கட்டும், பரவாயில்லை.

எழுதியதை எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலிப் போனில்) ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமுலேட்டர் உங்கள் கணினியின் பலத்தில் ஓடுகிறது. வீட்டில் யாரிடமாவது நாலைந்து வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன், இடம் நிறைந்து திணறிக்கொண்டிருக்கும் போன், இருக்கும். அதை வாங்குங்கள். உங்கள் செயலியின் உண்மையான பயனர் அந்தப் போன்தான்.

அப்புறம், ரிலீஸ் மோடில், அதாவது வெளியிடும் வடிவில், பில்ட் செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. எழுதும்போது நாம் ஓட்டுவது பிழை தேடுவதற்கான டீபக் மோட். ஃப்ளட்டரில் கோடை மாற்றி சேமித்த நொடியே திரை மாறுகிறதே, அந்த வசதிக்காக டீபக் மோடில் கோடு ஓடும்போதே மொழிபெயர்க்கப்படுகிறது. ரிலீஸில் முன்கூட்டியே எந்திர மொழிக்கு மாற்றப்பட்டுவிடும். ரியாக்ட் நேட்டிவிலும் டீபக்கில் எச்சரிக்கை, சோதனை எல்லாம் கூடவே ஓடும். டீபக் மோடில் ஒன்றையொன்று ஒப்பிட்டு "இது திக்குகிறது" என்று முடிவு கட்டுவது, சமையல் பாதியில் இருக்கும்போது ருசி பார்த்துக் குறை சொல்வது மாதிரி.

உதாரணமாக, படத்தோடு கூடிய நீளமான பட்டியல்தான் உங்கள் கஷ்டமான திரை என்று வையுங்கள். 5,000 வரிகளைப் போலியாக உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், இரண்டு வரி எழுத்து. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் போனில் ஒவ்வொரு காட்சியையும் தயாரிக்கக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி, 120 முறை என்றால் அதில் பாதி. அதைத் தாண்டினால் கண்ணுக்குத் திக்கல் தெரியும். இப்போது விரலால் வேகமாகத் தள்ளுங்கள்.

திக்கினால் உடனே ஃபிரேம்வொர்க்கைத் திட்டாதீர்கள். இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, எல்லா வரிகளையும் ஒரே ஸ்க்ரோல் வியூவுக்குள் கொட்டிவிட்டீர்களா? திரையில் தெரிபவற்றை மட்டும் உருவாக்கும் பட்டியல் இரண்டிலும் உண்டு: ஃப்ளட்டரில் லிஸ்ட்வியூ பில்டர், ரியாக்ட் நேட்டிவில் ஃபிளாட்லிஸ்ட். இரண்டாவது, படத்தின் அளவு. கேமராவில் எடுத்த 4,000-க்கு 3,000 புள்ளிப் படம் கோப்பாக மூன்று நான்கு எம்பிதான் இருக்கும். திரையில் காட்ட அதை விரித்தால் ஒரு புள்ளிக்கு நான்கு பைட், மொத்தம் 48 எம்பி நினைவகம். விரல்நகம் அளவு படத்துக்கு 48 எம்பி! பத்து வரி தெரிந்தால் பழைய போன் கையெடுத்துக் கும்பிட்டுவிடும். சின்ன அளவில் படத்தை அனுப்புங்கள், அல்லது விரிக்கும்போதே சுருக்கச் சொல்லுங்கள். எந்த ஃபிரேம்வொர்க்காலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இரண்டும் சரி, இன்னும் திக்குகிறது என்றால்தான் அது ஃபிரேம்வொர்க்கின் கதை.

அந்தத் திரையை வைத்தே இன்னும் சில சோதனைகள். போனின் அமைப்பில் எழுத்தளவை உச்சத்துக்குக் கூட்டிப் பாருங்கள், பட்டன்கள் வெளியே பிதுங்குகின்றனவா? தமிழ் வாக்கியங்களைப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி உயரத்தில் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும், 'கு'வின் வால் காணாமல் போகும். கீபோர்டு எழும்பும்போது கடைசிப் பெட்டி மறைகிறதா? ஆண்ட்ராய்டில் பின்செல்லும் சைகை சரியாக வேலை செய்கிறதா? திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக்கையோ (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரையோ (ஐபோன்) ஆன் செய்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பட்டனைத் தேடுங்கள். பிரௌசர் வகையும் தானே வரையும் வகையும் இந்தச் சோதனைகளில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால், மூன்றாம் படியில் சொன்னதெல்லாம் கையில் தட்டுப்படும்.

நான்கு நாள் கழித்து உங்களிடம் ஒரு கருத்து இருக்கும், கடன் வாங்காத சொந்தக் கருத்து. எது வேகம் என்பதோடு, எதில் பிழை வந்தபோது பிழைச்செய்தி புரிந்தது, எதன் ஆவணங்களில் பதில் கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் அந்தக் குறிப்பு பார்த்து முடிவெடுங்கள்.

எட்டாம் படி: இன்னும் மூன்று வருடம் கழித்து?

கிராஸ் பிளாட்ஃபார்ம் உலகில் சமாதிகள் உண்டு. போன்கேப்பை அடோபி 2020-இல் கைவிட்டது. ஸமாரினை மைக்ரோசாஃப்ட் 2016-இல் வாங்கியது. 2024 மே 1-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது, எல்லோரும் மௌயிக்கு மாற வேண்டியதாயிற்று. ஸ்டோருக்குப் போகாமலே ரியாக்ட் நேட்டிவ் செயலிகளைப் புதுப்பிக்க உதவிய கோட்புஷ், அதைத் தாங்கிய ஆப் சென்டரோடு 2025 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. ஃபிரேம்வொர்க் நன்றாக இருக்கும், பக்கத்துச் சேவை போய்விடும்.

ஏர்பிஎன்பி 2018-இல் ரியாக்ட் நேட்டிவை விட்டு வெளியேறுவதாக அறிவித்ததை இன்றும் சிலர் காட்டுவார்கள். ஏற்கெனவே இருந்த பெரிய நேட்டிவ் செயலிக்குள் ரியாக்ட் நேட்டிவைப் பகுதி பகுதியாக நுழைத்தவர்கள் அவர்கள். இரண்டு தளம் ஒன்றாகும் என்று போனால் மூன்றாகிவிட்டது. ஷாப்பிஃபை 2020-இல் அதே ரியாக்ட் நேட்டிவ்தான் இனி எங்கள் வழி என்று அறிவித்தது. அடுத்தவர் கதையை அவர் சூழ்நிலையோடு சேர்த்துப் படியுங்கள்.

புதியவர்கள் எதிர்பார்க்காத செலவு பராமரிப்பு. நீங்கள் ஒரு வரிகூட மாற்றாவிட்டாலும் பிளே ஸ்டோர் ஒவ்வொரு வருடமும் குறிவைக்க வேண்டிய ஆண்ட்ராய்டு பதிப்பை உயர்த்துகிறது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவிலும் (போன் நினைவகத்தைப் பிரித்தாளும் துண்டின் அளவு) ஓட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. ஃபிரேம்வொர்க் தன் பங்கைச் செய்துவிடும். பழைய பிளகினுக்குள் உறங்கும் ஒரு சி++ லைப்ரரி செய்யாது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது பதிப்பு உயர்த்த நாள் ஒதுக்குங்கள். இரண்டு வருடம் தள்ளிப்போட்டு மொத்தமாக உயர்த்துவது, பல்வலியைப் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் போவது மாதிரிதான் முடியும்.

கோடு எழுதும்போது ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: கணக்கு, விதிகள், சர்வரோடு பேசுவது எல்லாம் தனிக் கோப்புகளில், திரைக் கோடுக்குள் அவற்றைக் கலக்காதீர்கள். பிளகினையும் பத்து இடத்தில் நேரடியாகக் கூப்பிடாமல், உங்களுடைய ஒரே ஒரு கோப்பு வழியாகக் கூப்பிடுங்கள். நான் அந்த பிரிண்டர் விவகாரத்தில் நான்கு நாளோடு தப்பித்ததே இதனால்தான்.

கடைசிப் படி: காலிச் செயலியை முதலில் அனுப்புங்கள்

முடிவு செய்தாயிற்றா? முதல் திரையை எழுதும் முன், "வணக்கம்" என்று மட்டும் காட்டும் செயலியை இரண்டு ஸ்டோரின் சோதனைப் பகுதிக்கும் அனுப்பிவிடுங்கள். பிளேயில் உள்சோதனை, ஆப்பிளில் டெஸ்ட்ஃபிளைட். கையொப்பச் சாவி, சான்றிதழ், ஐகான் அளவு, தனியுரிமைக் கேள்விகள் என்று அந்தப் பாதையில் இருக்கும் முட்களெல்லாம் இப்போதே குத்தட்டும், வெளியீட்டு நாளில் வேண்டாம்.

அனுப்பும் முன் செயலியின் அடையாளப் பெயரைச் சரிபாருங்கள். புராஜெக்டை உருவாக்கும்போது நாம் கவனிக்காமல் விட்டால் 'காம் டாட் எக்ஸாம்பிள்' என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிளே அதை ஏற்காது. அவசரத்தில் வாயில் வந்ததை வைத்து வெளியிட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்தச் செயலிக்கு அந்தப் பெயரை மாற்றவே முடியாது.